இரண்டு சம்பந்திகள், இரண்டு ஊசிகள்

என் மகளைக் கட்டிக்கொடுத்தது நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். எங்கள் ஊரான அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் திருச்சுழி வழியாகப் போக வேண்டும். நான் திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். அதனால் பாதி வழி எனக்குத் தினமும் போய்வருகிற வழி. அதில் கைப்பையும் தண்ணீர்ப் பாட்டிலும் போதும். திருச்சுழியைத் தாண்டிப் போகும் நாளில்தான் நல்ல சேலை, பூ, பழத்தட்டு எல்லாம்.

மருமகனின் அம்மா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கண்மாய்த் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் குதிரைவாலி என்று விவசாயம் பார்க்கிற வீடு. முப்பது ஆடுகளை அவரே ஓட்டிக்கொண்டு போய் மேய்த்து வருவார். நான் அவரை மதினி என்பேன், அவரும் என்னை மதினி என்பார். கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகியும் எங்களுக்குள் மரியாதை இருந்தது, பழக்கம் வரவில்லை. போனில் பேசினால் மழை உண்டா, வெயில் எப்படி, அண்ணன் நல்லா இருக்காகளா என்பதோடு முடிந்துவிடும். அவர் கைப்பக்குவத்தைப் பற்றி அந்த ஊரே பேசும். என் சமையலும் குறைந்ததில்லை என்று எனக்கு நினைப்பு. இரண்டு பேருக்கும் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் விறைப்பு.

எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு மாத்திரையில் தொடங்கி மூன்று வகை மாத்திரையில் வந்து நின்றேன். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எடையும் தொண்ணூற்றைத் தொட்டுவிட்டது. பதினொரு மணி ஆனால் எங்கள் அலுவலக வாசலில் உளுந்த வடை வரும். அந்த நேரத்தில் எந்தக் கோப்பு கையில் இருந்தாலும் என் மூக்கு வாசல் பக்கம் திரும்பிவிடும். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் நிலையத்தில் சேவு வாங்குவேன். வீட்டுக்கு என்றுதான் வாங்குவேன், பாதிப் பொட்டலம் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும்.

எங்கள் ஊரில் நான் காட்டும் சர்க்கரை டாக்டர் ஒரு பெண். வயது என் மகளைவிட நாலைந்து கூட இருக்கலாம். ஒரு முறை ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு அவர் அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"சர்க்கரையோட மூணு மாசச் சராசரி ஏழுக்குள்ள இருக்கணும், உங்களுக்கு ஒன்பதுக்குக் கீழ வர மாட்டேங்குதும்மா. இனி மாத்திரை மட்டும் பத்தாது. இன்சுலின் ஆரம்பிக்கலாம். இல்லன்னா வாரத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி ஒண்ணு இருக்கு."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"இன்சுலின்ங்கிறது உங்க உடம்புல குறையுற சரக்கை வெளியில இருந்து கொடுக்கிறது. சர்க்கரை நல்லா இறங்கும், ஆனா சிலருக்கு எடை கூடும். இந்த வார ஊசி வேற மாதிரி. சாப்பிட்டதும் குடல்ல இருந்து மூளைக்குப் போதும்னு ஒரு சேதி போகும்ல, அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லும். பசி அடங்கும். சர்க்கரை ஏறுற நேரத்துல உங்க சொந்த இன்சுலினையும் சுரக்க வைக்கும். எடையும் இறங்கும்."

போதும் என்கிற சேதியை எனக்கு இதுவரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. அந்த ஊசியே போதும் என்றேன். அவர் உடனே எழுதிவிடவில்லை. கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் உண்டா என்றெல்லாம் கேட்டார். கண் டாக்டரிடம் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னார். எல்லாம் முடிந்து அடுத்த வாரம்தான் மருந்து எழுதினார். சின்ன அளவில் தொடங்கி மாதாமாதம் பார்த்து ஏற்ற வேண்டும் என்றார். கடைசியாக, காலையில் போடும் சின்ன மாத்திரையை இப்போதே பாதியாக்கச் சொன்னார். ஊசி முழு அளவுக்கு ஏறிய பிறகு அதை அறவே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துவிடும் என்று இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் தலையாட்டினேன்.

ஊசி ஒரு பேனா மாதிரி இருந்தது. பின்பக்கம் திருகினால் டிக் டிக் என்று சத்தம் வரும், வயிற்றில் வைத்து அழுத்தினால் முடிந்தது. என் கணவர் பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரம் வந்தாலும் அதோடு வந்த தாளை முழுதும் படிக்காமல் தொட மாட்டார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். குமட்டல் வரலாம், வாந்தி வரலாம், வயிற்றுப்போக்கு வரலாம், மலச்சிக்கல் வரலாம் என்று அவர் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, எனக்கு ஊசி போடும் முன்பே எல்லாம் வந்துவிடும் போல் இருந்தது.

"இதுக்கு மேல படிக்காதீக. போட்டுக்கிட்டு வாரேன்" என்று உள்ளே போய்விட்டேன். எறும்பு கடித்த அளவுகூட இல்லை.

வெளியே யாருக்கும் சொல்லவில்லை. மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஊசி என்றாலே நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். விசாரிக்க வருகிறவர்கள் ஆப்பிளோடு வந்து அழுதுவிட்டுப் போவார்கள். இளைக்கிற ஊசி என்று தெரிந்தால் அது வேறு விதம். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இவளுக்கு எதற்கு இடுப்பு என்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்வேன்.

இரண்டாவது வாரத்திலேயே பதினொரு மணி வடை வந்தபோது நான் அதை ஒரு படத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன். நல்ல வடைதான், மொறுமொறுவென்று இருந்தது. ஆனால் எனக்கும் அதற்கும் பேச்சு இல்லை. பக்கத்து மேசைக்காரர் என் பங்கையும் எடுத்துக்கொண்டு, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்.

இந்த நேரத்தில்தான் மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. பார்க்கப் போனோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஊசி அளவை ஏற்றிய முதல் வாரம் வேறு. சம்பந்தி வீட்டில் எங்களுக்காக ஆடு அடித்திருந்தார்கள். குழம்பு தனி, வறுவல் தனி, ஈரல் தனி, எலும்பு ரசம் தனி. சம்பந்தியே நின்று பரிமாறினார். இலையில் சோறு விழுந்து குழம்பு ஊற்றியதும் அந்த மணத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று வாய் சாப்பிட்டேன். நாலாவது வாய் தொண்டைக்குள் போகவில்லை. யாரோ உள்ளே தாழ்ப்பாள் போட்டது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் எலும்பை உருட்டிக்கொண்டு இருந்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"என்ன மதினி, எந்திரிச்சிட்டீக?"

"போதும் மதினி. வயிறு நெறஞ்சிருச்சு."

"உப்புக் கூடிருச்சா?"

"அதெல்லாம் இல்ல. ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா இன்னொரு கை சோறு வாங்கியிருப்பீகளே."

காலையில் பலகாரம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என் கணவர் குனிந்த தலை நிமிராமல் மூன்றாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டிருந்தார். அவரால் ஒரு வார்த்தை உதவி இல்லை. சம்பந்தி என் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மகள் போன் செய்தாள்.

"ஏம்மா, அத்தை ஆக்குன கறியத் தொடாம வந்துட்டியாமே?"

"தொட்டேன்டி. மூணு வாய் சாப்புட்டேன்."

"அவுக ரெண்டு வேளையா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காக. டவுனுக்காரவுகளுக்கு நம்ம சாப்பாடு எறங்கல போலன்னு."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் மகள் அழுவாள், மாமியாரிடம் சொல்வாள், அது ஊர் முழுக்கப் போகும். மழையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஸ்கேன் எடுக்க மகளை அருப்புக்கோட்டைக்குக் கூட்டிவந்தார் சம்பந்தி. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். அன்று நான் லீவு போட்டுவிட்டேன். நாட்டுக்கோழிக் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், முட்டை, பருப்புப் பாயசம் என்று காலை ஆறு மணியிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. பழைய வருத்தத்தை இந்தச் சாப்பாட்டிலேயே தீர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

சம்பந்தி இலையில் உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். பாயசத்தை நாக்கில் தொட்டார். இலையை மடக்கிவிட்டார்.

"மதினி, என்ன இது?"

"போதும் மதினி. வயிறு நெறஞ்சிருச்சு. ரொம்ப நல்லா இருக்கு."

நான் அவர் வீட்டில் சொன்ன அதே வார்த்தைகள். எனக்கு முகம் சுட்டது. அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் பாத்திரங்களை நான் கழுவிய சத்தத்தில் என் கணவர் எழுந்து வந்தார்.

"சரிக்குச் சரி ஆயிருச்சுல்ல. விடு" என்றார்.

"நான் வேணும்னா செஞ்சேன்? அவுக வேணும்னே செய்யுறாக."

"இது ஒனக்கு எப்படித் தெரியும்?"

எப்படியோ தெரியும் என்றேன். ஆனால் அன்று ராத்திரி படுத்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. சம்பந்தியின் ரவிக்கைக் கை தொளதொளவென்று இருந்தது. கையிலிருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. மறுநாள் மகளிடம் மெதுவாகக் கேட்டேன், உன் மாமியார் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று.

"பாதி நாள் வேணாம்னுருவாக. கேட்டா ஆட்டுக்குப் பின்னால அலைஞ்ச களைப்புங்குறாக."

கோபம் போய்க் கவலை வந்தது. மனுஷிக்கு ஏதோ பெரிய நோய், மகளுக்குச் சொல்லாமல் மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் மறைப்பது மாதிரி அவரும் மறைக்கலாம் என்று மட்டும் ஏனோ தோன்றவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. சம்பந்தி வீட்டில்தான் விசேஷம். சீர்த்தட்டு, வளையல், பலகாரம், கட்டுச்சோறு எல்லாம் நாங்கள் கொண்டுபோக வேண்டும். விடியும்போதே வேன் கிளம்பியது. கிளம்புகிற அவசரத்தில் வழக்கமான டப்பாவைத் திறந்து வழக்கமான மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஊசி முழு அளவுக்கு ஏறியிருந்தது. காலை மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அந்த மாதம் முழுக்கச் சரியாகத்தான் செய்தேன். அன்று கை பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் போய் அதை முழுசாக எடுத்துவிட்டது. சாப்பிட்டது சீனி போடாத டீ மட்டும். பசி இல்லாததால் சாப்பிடவில்லை என்பதே நினைவில் இல்லை.

பத்தரை மணிக்கு மகளை மணையில் உட்கார வைத்தார்கள். சந்தனம் பூசி, நான் முதல் வளையல் போடக் கையை நீட்டினேன். கை நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பிறகு முதுகு முழுக்க வேர்த்தது. கூட்டத்தின் சத்தம் தூரத்தில் கேட்பது மாதிரி ஆயிற்று. மகள் ஏதோ கேட்டாள், அவள் வாய் அசைவது தெரிந்தது, சொல் புரியவில்லை.

என் முழங்கையை ஒரு கை பிடித்தது. சம்பந்தி. மகளிடம், "அம்மாவுக்குக் காத்து வேணும், நீ இரு, நாங்க வாரோம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு என்னை நெல் மூட்டை அடுக்கியிருந்த உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு மூட்டைமேல் உட்கார வைத்தார். சொம்பில் தண்ணீர், அதில் மூன்று கரண்டிச் சீனி, கையாலேயே கலக்கினார்.

"குடிங்க."

"எனக்குச் சர்க்கரை மதினி. சீனி ஆகாது."

"அது எனக்குத் தெரியும். பேசாமக் குடிங்க."

குடித்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் கையைத் தேய்த்துவிட்டார். கால் மணி நேரத்தில் சத்தங்கள் பக்கத்தில் வந்தன. வேர்வை நின்றது. உடனே இரண்டு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து என் கண் முன்னால் நின்று சாப்பிட வைத்தார்.

"எப்படி மதினி கண்டுபிடிச்சீக? டாக்டர் மாதிரி செய்யுறீகளே."

"போன மாசம் எனக்கே இப்படிச் சர்க்கரை எறங்கிருச்சு. ஆடு மேய்க்கப் போன எடத்துல. நல்ல வேளை, மடியில கருப்பட்டி இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஊசி போடுறீகளா?"

"இல்ல" என்று என் வாய் தானாகச் சொன்னது. பிறகு, "ஆமா" என்றேன். "வாரத்துக்கு ஒண்ணு."

சம்பந்தி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"எத்தன மாசமா?"

"ஏழாவது மாசம்."

"எனக்கு எட்டு" என்றார்.

எழுந்து போய், அந்த அறையின் மூலையில் இருந்த குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியைத் திறந்தால் உள்ளே விரல் நீளத்தில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இரண்டு, கூடவே மெல்லிய ஊசிகள். மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தாராம். மகன்தான் வாங்கிக்கொண்டு வருகிறானாம். என் மகளுக்குத் தெரியாதாம்.

"ஒங்ககிட்டச் சொல்லிருவான்னுதான் அவகிட்டச் சொல்லல. சீக்காளிப் பொம்பள வீட்டுல பொண்ணக் குடுத்துட்டோமேன்னு நீங்க நெனச்சிட்டா?"

"நானும் அதேதான் மதினி. நோயாளி வீட்டுப் பொண்ணுன்னு நீங்க நெனச்சிருவீகன்னு."

அவர் டிபன் பாக்ஸை மூடிப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப அன்னைக்கு நான் ஆக்குன கறி?"

"மூணு நாளா அந்த வாசம் மூக்கவிட்டுப் போகல மதினி. ஆசை இருந்துச்சு. வயிறு விடல."

"ஒங்க நாட்டுக்கோழியும் அப்படித்தான். பஸ்ஸுல போகயில அதையே நெனச்சிக்கிட்டுப் போனேன்."

இந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெல் மூட்டைமேல் உட்கார்ந்து சத்தம் வராமல் சிரித்ததில் இருவர் கண்ணிலும் தண்ணீர். யாரோ கதவைத் தட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். மருமகளைப் பிரிகிற வருத்தத்தில் மாமியார் அழ, அம்மாவும் சேர்ந்து அழுதிருக்கிறார் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அன்று அங்கிருந்த பெண்கள் எங்களைப் பார்த்த பார்வையில் தனி மரியாதை இருந்தது. நாங்கள் மறுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டாக்டருக்குப் போன் செய்து திட்டு வாங்கினேன். அந்த மாத்திரை அட்டையை என் கணவர் டப்பாவிலிருந்து எடுத்தே போட்டுவிட்டார்.

அதன் பிறகு எங்கள் போன் பேச்சு மழையோடும் வெயிலோடும் நிற்கவில்லை. எனக்கு ஞாயிறு, அவருக்குப் புதன். போட்டதும் ஒருவருக்கொருவர் பேசிவிடுவோம். என்னுடையது பேனா, திருகினால் அளவு தானாக நிற்கும். அவருடையது குப்பி, கோடு பார்த்து உறிஞ்ச வேண்டும். வாசல் வெயிலில் நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, காற்றுக் குமிழைச் சுண்டி வெளியேற்றிவிட்டுப் போட்டுக்கொள்வார். மருந்தும் வேறு வேறு. எனக்கு ஏப்பம் வந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அவருக்கு அது இல்லை, மலச்சிக்கல்தான். எனக்கு ஊசி போட்ட மறுநாள் குமட்டும், அவருக்கு மூன்றாம் நாள். எனக்கு வடை பிடிக்காமல் போயிற்று, அவருக்குக் காபி. இப்படி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பேசுவதில் அரை மணி நேரம் போவது தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. அவர் பதின்மூன்று கிலோ இறங்கியிருந்தார். நான் ஆறுதான். பழைய ரவிக்கைகளைப் பிரித்துச் சின்னதாக்கிப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

"ஒங்களுதுதான் நல்ல மருந்து மதினி" என்றேன் ஒரு நாள். "ஒரு மாசம் மாத்திப் போட்டுப் பாப்பமா?"

"பாத்தா என்ன? அடுத்த வாரம் வாரேன்ல, ஒரு குப்பி கொண்டாரேன். எனக்கும் அந்தப் பேனாவப் போட்டுப் பாக்கணும்னு ஆசைதான்."

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. அவளைப் பார்க்க வந்த சம்பந்தி சொன்னபடியே டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றிக் குப்பியைக் கொண்டுவந்திருந்தார். என் கணவர் இரண்டு மருந்தின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் மடித்தார்.

"ரெண்டும் ஒண்ணு கெடையாது. அளவும் வேற, ஏத்துற கணக்கும் வேற. ரெண்டு பேரும் செருப்பப் போடுங்க. டாக்டரப் பாத்துட்டு வருவோம்."

டாக்டர் எங்கள் கதையை முழுதும் கேட்டார். வளைகாப்புப் பகுதி வந்ததும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. குப்பியை மாற்றிக்கொள்ளும் பகுதி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பேனாவோ குப்பியோ ஊசியோ, ஒருத்தர் ஒருத்தருக்குக் கொடுக்கவே கூடாது. அவங்க இப்போ போடுற அளவை நீங்க எடுத்த எடுப்புல போட்டா வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்."

பிறகு பொறுமையாக விளக்கினார். என் மருந்து குடலிலிருந்து போகும் ஒரு சேதியைப் போலச் செய்கிறதாம். சம்பந்தியின் மருந்து அதோடு இன்னொரு சேதியையும் சேர்த்துச் சொல்கிறதாம். பொதுவாகப் பார்த்தால் அதில் எடை கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன்.

"அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். "பொதுவாங்கிறது எல்லாருக்கும் இல்ல. உங்க மூணு மாசச் சராசரி இப்போ ஆறரை. உங்க மருந்து உங்களுக்கு நல்லா வேலை செய்யுது. அம்மா, உங்களுக்கு எவ்வளவு?"

சம்பந்தி கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். ஏழரை இருந்தது. ஊசி தொடங்கும் முன்பு பத்தில் இருந்ததாம்.

"நல்லா இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் இறங்கணும். உங்க டாக்டர் பார்த்துக்குவாங்க" என்றார். சம்பந்தி என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். எடையில் அவர், சர்க்கரையில் நான்.

அடுத்து டாக்டர் எங்கள் இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். நான் நாலாவது முறையில் மேசையைப் பிடித்தேன். சம்பந்தி பதினைந்து முறை எழுந்து உட்கார்ந்துவிட்டு, போதுமா, இன்னும் செய்யவா என்று கேட்டார்.

"இதுதான் வித்தியாசம்" என்றார் டாக்டர் என்னிடம். "அவங்க தினமும் ஆட்டுக்குப் பின்னால நடக்குறாங்க. நீங்க உட்கார்ந்தே இருக்கீங்க. பசி இல்லைன்னு சாப்பாட்டைக் குறைச்சா கொழுப்பு மட்டும் கரையாது, சதையும் கரையும். கொஞ்சமாச் சாப்பிட்டாலும் முட்டை, பயறு, மீன் இருக்கட்டும். நடங்க."

"இத எப்ப நிறுத்தலாம்மா?" என்று சம்பந்தி கேட்டார். நானும் பல நாளாகக் கேட்க நினைத்த கேள்வி அது.

"நிறுத்தினா பசி திரும்பிவரும். பெரும்பாலும் எடையும் திரும்பிவரும். நீண்ட நாள் போடுற மருந்துன்னு நினைச்சுக்கோங்க."

"அப்ப இதுவும் கல்யாணம் மாதிரிதான்" என்றார் சம்பந்தி. "கட்டுனா கட்டுனதுதான்."

டாக்டர் சிரித்ததைக் கேட்டு வெளியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. கொண்டுவந்த குப்பி வந்த வழியே டிபன் பாக்ஸில் திரும்பிப் போனது.

அன்றிலிருந்து நான் திருச்சுழியில் அலுவலகத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கிறேன். முதல் வாரம் முழங்கால் வலித்தது. இப்போது பஸ்ஸைவிட நான் முன்னால் போய்விடுகிற நாளும் உண்டு, அந்த பஸ் அப்படி. சம்பந்தி ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது தட்டாம்பயறும் மொச்சையும் கொடுத்துவிடுவார். நான் கருவாடு வாங்கிக் கொடுத்துவிடுவேன். நான் அங்கே சாப்பிட உட்கார்ந்தால் இலையில் ஒரு கரண்டிச் சோறு, நாலு துண்டுக் கறி, அவ்வளவுதான் வைப்பார். மேற்கொண்டு ஒரு சொல் கேட்க மாட்டார்.

டாக்டரிடம் போய்வந்த அன்றே மகளிடம் சொல்லிவிட்டோம். அவள் வழியாக விஷயம் வெளியே தெரிந்ததும் அவர் ஊரில் இரண்டு மூன்று பேர் ஊசியைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். ஒருத்தி, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், அதற்குள் இளைக்க வேண்டும், ஒன்று கொடு என்று கேட்டாளாம்.

"ஒம் மகளுக்குச் சர்க்கரை இருக்கா, வேற என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமா? டாக்டர்கிட்டப் போ. நானே மாத்திப் போடப் போயி ஏச்சு வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

மகளுக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. சம்பந்தி ஆடுகளைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து எங்களோடு பத்து நாள் தங்கினார். குழந்தையைத் துணியில் சுற்றி முதலில் என் கையில் கொடுத்தார்கள். நான் அப்படியே அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலை குழந்தைக்குத் தடுப்பூசி போட நர்ஸ் வந்தார். யாராவது ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"நீங்க பிடிங்க மதினி" என்றேன்.

"நீங்கதான் அம்மாவப் பெத்தவுக. நீங்க பிடிங்க" என்றார் அவர்.

வாரா வாரம் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்கிற இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். கடைசியில் படுக்கையிலிருந்த மகள்தான் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை ஒரே ஒரு முறை வீறிட்டு அழுதது. எங்கள் இருவருக்கும் அதைத் தாங்க முடியவில்லை, வராந்தாவுக்குப் போய்விட்டோம். உள்ளே குழந்தை அழுகையை நிறுத்திப் பால் குடிக்கத் தொடங்கிய பிறகும் சம்பந்தி என் கையை விடவில்லை.